பால்மர வெட்டில் உச்சமும் எல்லையும்: தைப்பிங் வட்டாரத்தை முன்வைத்து

பல மாறிகள் கொண்ட கோவை ஒன்று. ஒவ்வொரு மாறியும் இரு எல்லைகளுக்குள் அடங்கியது. அதன் பெரும மதிப்பு எங்கே? மற்றவற்றை நிறுத்தி ஒரு மாறியை மட்டும் நகர்த்தும்போது கோவை முதற்படியிலேயே மாறுமானால், அம்மாறியை இரு எல்லைகளில் ஏற்ற ஒன்றுவரை தள்ளினால் மதிப்பு குறையாது. எல்லா மாறிகளுக்கும் இது பொருந்தினால் பெருமம் ஒரு மூலையில் கட்டாயம் உண்டு. மூன்று மாறிகளுக்கு எட்டு மூலைகளைச் சோதித்தால் போதும்.

ரப்பர் தோட்டக் கணக்கும் முதற்பார்வையில் இப்படித்தான் தெரியும்: மரங்கள், வெட்டு நாள்கள், ஒரு வெட்டில் வடியும் பால் ஆகிய மூன்றின் பெருக்கல். அதை நம்பினால் மரத்தைச் சுற்றி முழு வெட்டு, அதுவும் தினமும், என்ற மூலையில்தான் போய் நிற்போம். மரம் அதற்கு இணங்காது. பால் குழாய்கள் உட்பட்டையில், வளர்படலத்தை ஒட்டி இருக்கின்றன. வடிந்த பாலை அவை மறுபடி ஊற வைக்க நாள் வேண்டும். அளவு மீறி வெட்டினால் பட்டை வறண்டு, பால் நின்றே போகும். ஆகவே மூன்றாம் காரணி மாறிலி அன்று. வெட்டு நாள்கள் கூடக் கூட அது குறைகிறது.

ஆண்டில் வெட்டும் நாள்களின் பங்கை ந என்றும், மரச் சுற்றளவில் வெட்டின் பங்கை வ என்றும் கொள்வோம். இரண்டும் 0 முதல் 1 வரை. இவற்றின் பெருக்கலே வெட்டுச் செறிவு, செ. அரைச்சுற்று வெட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் நடத்தினால் செ = 1/4; ஆய்வாளர்கள் இதையே 100 விழுக்காடு என வைத்து மற்ற முறைகளை அளந்தனர். முழுச்சுற்றை நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டினாலும் அதே 1/4தான். ஒரு மரத்தின் விளைவை செ(1 − செ) என எழுதுகிறேன். இது கள அளவீடு அன்று. வளைவின் வடிவத்தைக் காட்டும் மாதிரி மட்டுமே. இதன் உச்சம் செ = 1/2, மதிப்பு 1/4. செ = 1/4 எனில் மதிப்பு 3/16. வெட்டைப் பாதியாகக் குறைத்தும் பாலில் கால் பங்குதான் குறைகிறது. உச்சத்தின் அருகே வளைவு தட்டையாக இருப்பதே காரணம்.

என் வாதம் இங்கே தொடங்குகிறது. மேலே பெருமமாக்கியது ஒரு மரத்தின் பாலை. ஆனால் விடியலுக்கு முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, உளியோடு நிரைக்குப் போகும் தொழிலாளிக்கு ஒரு காலையில் இத்தனை மரம் என்ற கணக்குத்தான் நிலையானது. வெயில் ஏறினால் பட்டையின் உள்ளழுத்தம் தணிந்து பால் குறைவதால், அந்தக் காலை நேரத்தை நீட்டவும் முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் அவர் இரண்டு நிரைகளை மாற்றி மாற்றி வெட்டுகிறார். ஆகவே அவர் பங்கில் பார்க்க வேண்டியது ஒரு வெட்டுக்குக் கிடைக்கும் பால்: வ(1 − ந×வ). வ = 1/2 என நிறுத்தினால் இது ந-இல் முதற்படி; ந குறையக் குறைய ஏறுகிறது. தினமும் வெட்டினால் 1/4; ஒருநாள் விட்டால் 3/8. மரத்துக்கு உச்சம் செ-இன் எல்லைகளின் நடுவே. தொழிலாளிக்கு அது ந-இன் கீழ் எல்லையில். மாதிரி ஒன்றே, எதைப் பெருமமாக்குகிறோம் என்பது மாறியதும் விடையும் மாறிவிட்டது. அந்தக் கீழ் எல்லையை வைப்பது இயற்கை அன்று. ஆளுக்கு எத்தனை மரம் என்ற நிலக் கணக்குத்தான் வைக்கிறது. இன்று ஆள் பற்றாக்குறையால் மலேசியாவில் பால் வடிவதைத் தூண்டும் எத்திஃபான் தடவி மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டுவது இந்த மூலையை நோக்கிய நகர்வுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தைப்பிங்கில் மேல் எல்லையும் தடுக்கிறது. 1877-இல் இப்பகுதியின் முதல் ரப்பர் கன்றுகளை பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட கோலகங்சார் தைப்பிங்குக்கு அருகேதான். ஆனால் லாருட் மலையடியில் உள்ள தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு மரத்தில் வழியும். பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததையும் மழை கரைத்துவிடும். எனவே ந-இன் மேல் எல்லை 1 ஆக இருக்க முடியாது. 1951-இல் கணிதவியலாளர்கள் கூன், டக்கர் இருவரும் வகுத்த நிபந்தனைகளின்படி, உச்சத்தைத் தடுத்து நிற்கும் எல்லைக்கு ஒரு பெருக்கி உண்டு. எல்லை சற்று விலகினால் கிட்டும் ஆதாயம் அது. அரைச்சுற்று வெட்டில் அது (1/2)(1 − ந). எல்லை 3/4 ஆனால் 1/8. மழை மிகுந்து 1/2 ஆனால் 1/4, இரு மடங்கு. மரத்தில் கட்டும் மழைக்காப்புக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

இத்தகைய பெருக்கி தொழிலாளியின் காலை நேரத்துக்கும் உண்டு. ஆனால் அதன் ஆதாயம் யாருக்கு என்பது கூலி முறையைப் பொறுத்தது. முன்சொன்ன 1/4-லிருந்து 3/8-க்கான உயர்வு, அதாவது ஒரு வெட்டுக்குப் பாதி மடங்கு கூடுதல் பால், நாட்கூலி மாறாதபோது முழுவதும் தோட்டத்துக்கே போகும். எடைக்குக் கூலி என்றால்தான் வெட்டியவருக்கும் பங்கு வரும். எந்த வெட்டு முறை உகந்தது என்று கூறும் ஆய்வு, எதைப் பெருமமாக்கினோம், எல்லையை யார் வைத்தார் என்ற இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.