இசைத்தட்டு முதல் நினைவக அட்டை வரை

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளரான பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவிலே பதிவு செய்த பாடகர்களுள் கௌஹர் ஜான் புகழ் மிக்கவர். மணிக்கணக்கில் ராகத்தை விரித்துப் பாட வல்ல அவ்வம்மையார், ஏறத்தாழ மூன்றே நிமிஷத்தில் அதனை எடுத்து, வளர்த்து, முடித்து, ஈற்றில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது. அரக்குத் தட்டில் அதற்கு மேல் இடமில்லை. பின்னர் நம் வித்துவான்களும் அதே நெருக்கடிக்கு உட்பட்டு, ஆலாபனையைச் சிட்டிகையளவாக்கி, சரணத்தில் பாதியை விட்டுப் பாடினார்கள். சங்கீதம் பெரிது, தட்டு சிறிது. இந்த வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

கையோடு எடுத்துச் செல்லும் கிராமபோன் பெட்டிகள் பிறகு வந்தன. பெட்டியைத் தூக்கலாம், தட்டுகளைத் தூக்குவதற்குத்தான் இன்னோர் ஆள் வேண்டும்! 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கேஸட்டே இதற்கு ஓரளவு விடை கண்டது. 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, நடந்துகொண்டே தனியாகக் கேட்கும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. டில்லி தரியாகஞ்சில் பழரசக் கடைக் குடும்பத்திலே பிறந்த குல்ஷன் குமார் 1983-இல் தொடங்கிய நிறுவனம், கேஸட்டின் விலையைச் சாமானியர் கைக்கு எட்டச் செய்தது.

வட இந்தியாவில் குடியேறிய நம் குடும்பங்களுக்குக் கேஸட் செய்த உதவி தனியே எழுதத்தக்கது. மார்கழிக் கச்சேரிகளை வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்தவர்கள், ஊர் சென்று திரும்புகையில் அப்பளம், வடகத்தோடு நாடாக்களையும் பெட்டியில் அடுக்கியவர்கள், நம் காலனிகளில் எத்தனை பேர்! ஆயினும் தொண்ணூறு நிமிஷ நாடாவில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்தே நிமிஷம். தனியாவர்த்தனம் சூடு பிடிக்கும் தறுவாயில் நாடா தீர்ந்து, திருப்பிப் போடுவதற்குள் மிருதங்கம் மோராவை எட்டிவிட்டிருக்கும்.

1980-களில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோகா, மின்சாரம் நின்ற பின்னும் பதிந்ததை மறவாத பிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். ஜெர்மானிய அறிஞர்களின் உழைப்பால் எம்.பி.3 என்னும் சுருக்க முறை உருவாயிற்று. குறுந்தகட்டின் ஒலியை ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் செவிக்கு ஒப்புக்கொள்ளும்படி இருந்ததே இம்முறையின் வெற்றி. இவ்விரண்டும் கூடி, 1998-இல் கொரியாவின் எம்.பி.மேன் கருவி பிறந்தது. அதன் நினைவகம் 32 மெகாபைட். அதாவது அரை மணிக்குச் சற்று அதிகம்! கூடுதல் இடம் வேண்டுவோர் பணத்தோடு கருவியையே நிறுவனத்துக்கு அனுப்பவேண்டும். அதே ஆண்டில் வந்த ரியோ கருவியிலோ, அட்டையொன்றைச் செருகி இடத்தைப் பெருக்கிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். இச்சிறு பொந்து பெரிய மாறுதல் என்பது என் கருத்து.

ஏனெனில் 2001-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபாட் வேறு வழியில் சென்றது. ஆயிரம் பாட்டுகள் கொள்ளும் அழகிய பெட்டி அது. ஆனால் அட்டைக்கு இடமில்லை. 2022-இல் ஐபாடின் உற்பத்தி நிறுத்தப்படும் வரை எந்த வகையிலும் அந்த இடம் திறக்கப்படவில்லை. கருவி பழுதானால் உள்ளிருக்கும் பாட்டும் அதனோடு போயிற்று. அட்டை செய்யும் சான்டிஸ்க் நிறுவனமோ, 2006-இல் தன் சான்ஸா கருவியில் மைக்ரோ எஸ்.டி. அட்டைக்கு வழி விட்டது. (இந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர் பிலானியில் பயின்ற சஞ்சய் மெஹ்ரோத்ரா.) 2009-இல் வந்த அதன் கிளிப் பிளஸ், சட்டையில் செருகிக்கொள்ளும் அளவே இருந்தும், அட்டையை ஏற்றது.

ஆகவே கருவி வாங்கப் புகும் அன்பர்கள் முதலில் நோக்க வேண்டியது, அது எவ்வளவு பெரிய அட்டையை ஏற்கும் என்பதே. எஸ்.டி.எச்.சி. எனப்படும் வகை 32 கிகாபைட்டோடு முடியும். அதற்கு மேற்பட்டவை எஸ்.டி.எக்ஸ்.சி. பழைய கருவிகளுட் சில, பெரிய அட்டையைப் பழைய முறையில் வடிவமைத்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். சில முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாதாரணச் சுருக்கத்தில் மூன்று மணிக் கச்சேரி 170 மெகாபைட்டுக்குச் சற்று அதிகம். 32 கிகாபைட்டில் நூற்றெண்பது கச்சேரிகள் அடங்கும். கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் போலி அட்டைகள் மீது பெரிய எண் அச்சிட்டிருக்கும். உண்மைக் கொள்ளளவு தீர்ந்ததும் புதிய பாட்டு பழைய பாட்டை அழித்துவிடும். அட்டையை முழுவதும் நிரப்பித் திரும்பக் கேட்டுப் பார்த்த பின்பே நம்புக.

சினிமாப் பாட்டுக்கு எந்தக் கருவியும் போதும். கச்சேரி கேட்போருக்கு வேறு சோதனைகள் உண்டு. ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கையில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கணநேர மௌனம் விழுந்தால் ரசம் கெடும்; இடைவெளியின்றி இசைக்கும் கருவியே வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் தொடங்குதல் அவசியம். திரையில் தமிழ் எழுத்து தோன்றுமா என்பதையும் கடையிலேயே பாருங்கள். பல கருவிகளில் ‘தோடி’யும் ‘பைரவி’யும் வெறுங் கட்டங்களாகவே தெரிகின்றன. முதியோருக்கு, கண்ணாடித் திரையினும் விரலுக்குத் தட்டுப்படும் பொத்தானே சிறந்தது.

கைபேசி இருக்கத் தனிக்கருவி எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். விலையுயர்ந்த கைபேசிகள் பல அட்டைப் பொந்தை நீக்கிவிட்டன. மாதச் சந்தாவில் கேட்கும் பாட்டு, வாடகை வீடு போன்றது. அன்றியும், முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் காலனிப் பந்தலில் ராமநவமிக்குப் பாடியவர் குரல் எந்தச் சந்தாவிலும் இல்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், ஒலிநாடாவில் இருக்கிறது.

அந்நாடா வைத்திருப்போர் அதனை எடுத்தவுடன் ஓட்டிவிடாமல், முதலில் முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒருமுறை சுழற்றிக்கொள்ளுங்கள். பிறகு சுருக்காத வடிவிலே கணினியில் பதிந்து, எம்.பி.3 பிரதியை மட்டும் அட்டையில் ஏற்றுங்கள். நினைவக அட்டையும் பல்லாண்டு பெட்டிக்குள் கிடந்தால் பதிந்ததை மறக்கக்கூடும். இன்னொரு பிரதி வேறொரு வீட்டிலும் இருக்கட்டும்.