மரப் பலகை மீது ஒரு குற்றச்சாட்டு

காய்கறியும் இறைச்சியும் நறுக்குவதற்கு மரப் பலகை நல்லதா, பிளாஸ்டிக் பலகை நல்லதா? மரத்தில் நுண்துளைகள் உண்டு. அது நீரை உறிஞ்சும். பிளாஸ்டிக் வழவழப்பானது, நீரை உறிஞ்சாது. ஆகவே நோய்க் கிருமிகளுக்குப் புகலிடம் தருவது மரமே என்று நீங்கள் முடிவு கட்டலாம். அமெரிக்க வேளாண்மைத் துறையும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதி, பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது.

விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் நுண்ணுயிர் ஆய்வாளராக இருந்த டீன் கிளைவர், இந்த அறிவுரைக்கு அறிவியல் சான்று உண்டா என்று தேடினார். கிடைக்கவில்லை. மரப் பலகையையும் பிளாஸ்டிக்கைப் போலத் தூய்மையாக்க வழி காண்போம் என்று அவரும் அவர் குழுவினரும் ஆய்வைத் தொடங்கினர். சால்மொனெல்லா, லிஸ்டீரியா, ஈ. கோலி ஆகிய பாக்டீரியாக்களை இருவகைப் பலகைகளிலும் இட்டுச் சோதித்தனர்.

1994-ஆம் ஆண்டில் வெளியான முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. மரத்தின் மேல் இட்ட பாக்டீரியாக்களைச் சில நிமிடங்களுக்குப் பின் மேற்பரப்பிலிருந்து மீட்க முடியவில்லை. மிகுதியாக இட்டிருந்தால் மட்டும், பலகையைப் பிளந்து பார்த்தபோது உள்ளே அகப்பட்டன. பிளாஸ்டிக்கின் மேலோ, ஈரக் காற்றில் இரவு முழுதும் வைத்தபோது அவை பெருகின. கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கில் கோழிக் கொழுப்பும் படிந்துவிட்டால், கையால் கழுவித் தூய்மை செய்வது அரிது என்பதும் தெரிந்தது.

இதற்குக் காரணம் யாது? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதை நீங்கள் அறிவீர்கள். அதே நுண்புழைக் கவர்ச்சியால் மரத்தின் துளைகள் ஈரத்தை உள்ளே இழுக்கின்றன. ஈரத்தோடு பாக்டீரியாவும் உள்ளே செல்கிறது, மேற்பரப்பு உலர்கிறது. உள்ளே சிக்கிய பாக்டீரியா பெருகுவதில்லை, மெல்ல மடிகிறது. எந்தத் துளைகளைக் குற்றமாகக் கூறினார்களோ, அவையே காவலாக நின்றன!

இழைகளை அறிந்து பலகை செய்வதே தச்சரின் திறமை. விளக்குமாற்றின் ஈர்க்குகளைப் போல மரத்தின் இழைகள் நீளவாக்கில் அமைந்தவை. விளக்குமாற்றைக் கிடத்தி வெட்டினால் ஈர்க்குகள் அறுபடும். நிமிர்த்தி வைத்து நுனியில் கத்தியை இறக்கினால் அவை விலகி வழிவிடும். நம் ஊர் இறைச்சிக் கடைகளில் குறுக்காக அறுத்த புளியங்கட்டையை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இழைகள் நிமிர்ந்தே நிற்கின்றன. மேலை நாட்டுத் தச்சர்கள், மேப்பிள் போன்ற நெருங்கிய இழையுள்ள மரங்களைச் சிறு துண்டுகளாக அறுத்து, குறுக்கு முகம் மேலே வருமாறு ஒட்டுகின்றனர். பலகையில் கீறல் குறையும். கத்தியும் எளிதில் மழுங்காது.

பாலாடைக்கட்டித் தொழிலிலும் இதே வழக்கு எழுந்தது. பிரான்சின் ஜூரா மலைப் பகுதியில் கோம்தே என்னும் பாலாடைக்கட்டியைச் சுமார் 40 கிலோ எடையுள்ள பெரு வட்டங்களாகச் செய்கின்றனர். அவற்றை நிலவறையில் ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளின் மேல் அடுக்கி, குறைந்தது 4 மாதங்கள் முதிர வைக்கின்றனர். இத்தகைய முதிர்விப்புப் பலகைகளில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்ப் படலம் லிஸ்டீரியாவைப் பெருக விடுவதில்லை என்று 2011-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். அப்படலத்தை வெப்பத்தால் கொன்றபோது லிஸ்டீரியா பெருகியது. ஆயினும் 2014 ஜூன் மாதத்தில், மரப் பலகையில் முதிர வைப்பது தூய்மை விதிகளுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூறியது. உற்பத்தியாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். சில நாட்களிலேயே, புதிய தடை எதுவும் விதிக்கவில்லை என்று நிர்வாகம் விளக்கம் தந்தது.

மரம் என்றாலே தூய்மை என்று பொருளல்ல. பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை வைத்துக் கொள்ளுங்கள். பயன்படுத்தியதும் சோப்பிட்டுக் கழுவி, நிமிர்த்தி வைத்து நன்றாக உலரவிடுங்கள். நீரில் ஊற வைக்காதீர்கள். வெடிப்பு விழுந்த பலகையைக் கழித்து விடுங்கள். பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றவும் வேண்டாம். துளை தெரிகிறது என்பதற்காகவே ஒதுக்கவும் வேண்டாம். சோதித்துப் பார்த்தபின் தீர்ப்புக் கூறுங்கள்.