வெள்ளிக்கு ஒரு வெள்ளைத் துணி

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து மெருகு போட்டு வந்த வெள்ளிக் கொலுசை டியூப்லைட்டுக்கு அடியில் வைத்துப் படம் எடுத்தால், கொலுசை விட டியூப்லைட்தான் பளிச்சென்று விழும். மெருகேறிய வெள்ளி ஒரு கண்ணாடி. எதிரே இருப்பதை எல்லாம், படம் எடுப்பவரின் சட்டை நிறத்தைக்கூட, தன்மேல் வாங்கிக் காட்டிவிடும். ஓர் அட்டைப்பெட்டியால் இன்று இதைச் சரிசெய்துவிடலாம். அந்தப் பெட்டிக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

முதலில் இருந்தது வெயில் மட்டும்தான். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை முதலிய இடங்களைப் படமாக்கினார். 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் எடுத்தார். நெகட்டிவில் நிமிஷக்கணக்கில் ஒளி பட வேண்டிய காலம் அது. புடைப்புச் சிற்பத்தில் ஒளி பக்கவாட்டாக விழுந்தால்தான் மேடு பள்ளம் தெரியும். நேருக்கு நேர் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். கொலுசின் பூ வேலைக்கும் அதே கணக்குத்தான்.

அடுத்து, சேலத்தில் சினிமாவுக்கு மின்விளக்கு தேவைப்பட்டது. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். ஏற்காடு மலையடிவாரத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அதன் முதல் படமான ‘சதி அகல்யா’ 1937இல் வந்தது. மேட்டூர் அணையில் மின் உற்பத்தி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

1940இல் மாடர்ன் தியேட்டர்ஸில் உருவான ‘உத்தம புத்திர’னில் பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். அந்நாளில் இத்தகைய காட்சிக்கு ஃபிலிமின் ஒரு பாதியை மறைத்து மறுபாதியில் எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி மீதியை எடுப்பார்கள். இரண்டு முறையும் ஒளி இம்மியும் மாறக் கூடாது. வெயிலை நம்பி அந்த வேலையில் இறங்க முடியாது.

1956 பொங்கலுக்கு மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து வந்தது ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. கேவா கலரில் எடுத்த அதுதான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அன்றைய வண்ண ஃபிலிமுக்குக் கறுப்பு வெள்ளையை விடப் பல மடங்கு ஒளி வேண்டும். தளம் முழுக்க விளக்கும் அதன் வெக்கையும்தான்.

அதே 1956இல் கல்கத்தாவில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா வேறு வழியில் போனார். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றம் ஒன்றை ஸ்டுடியோவுக்குள் அமைத்திருந்தார்கள். திறந்த வானத்தின் நிழலற்ற ஒளி வேண்டும். மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை ஆட்கள் பக்கம் திருப்பாமல் அந்தத் துணியின் பக்கம் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, வானத்திலிருந்து இறங்குவதுபோலப் பரவியது. விளக்கு சின்னதாக இருந்தாலும், ஒளி பரவி வரும் பரப்பு பெரிதானால் நிழல் மென்மையாகிவிடும்.

கொலுசுக்கான பெட்டியும் அதே வழியில் வந்ததுதான். அட்டைப்பெட்டியின் இரு பக்கத்திலும் மேற்புறத்திலும் சன்னல் வெட்டி, டிரேசிங் பேப்பரையோ மெல்லிய மல் துணியையோ ஒட்ட வேண்டும். உள்ளே ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரை மடிப்பு விழாமல், பின்சுவரிலிருந்து தரைக்கு வளைத்து விடலாம். இரு பக்கமும் ஒரே நிறத்தில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு போதும். மஞ்சள் பல்பும் வெள்ளைப் பல்பும் கலந்தால் வெள்ளி ஒரு பக்கம் பித்தளையாகத் தெரியும். அறையின் மற்ற விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். ஒரு பல்பைச் சற்றுத் தள்ளி வைத்தால் வேலைப்பாட்டின் மேடு பள்ளம் எழும்பும். பல்பு, தாள், பசை எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

சுற்றிலும் வெள்ளையே இருந்தால் வெள்ளிக்கு விளிம்பு இல்லாமல் போகும். அதற்கு விரல் அகலக் கறுப்புத் தாளை இரண்டு துண்டு வெட்டி, படத்தில் விழாதபடி கொலுசின் இருபுறமும் நிறுத்த வேண்டும். வெள்ளி அந்தக் கறுப்பையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். சலங்கை முத்து ஒவ்வொன்றும் கரை கட்டியதுபோலத் தனித்தனியாகத் தெரியும்.