இரண்டு தரப்படுத்தல்கள்

தரப்படுத்தல் என்பது எமது தலைமுறைக்குச் சாதாரணமான சொல் அல்ல. அது ஒரு காயத்தின் பெயர். அதனாற்றான் ஹரிஸ் பார்க்கில் எனது மேல்மாடியில் குடியிருக்கும் வன்னிக்காரர், ஐந்தாம் வகுப்பு மகனின் பரீட்சைத்தாளைக் கொண்டுவந்து, "ஐயா, பெடியன் பாசோ பெயிலோ?" என்று கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அது நாடு முழுவதும் ஒரேவிதமாக நடத்தப்படும் 'நப்லான்' பரீட்சையின் பெறுபேறு. அதில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. 2023 முதல் நான்கு படிகள் மட்டுமே உள்ளன. பையன் வாசிப்பில் மூன்றாம் படி, 'வளர்ந்துவரும் நிலை'. கணிதத்தில் இரண்டாம் படி, 'உறுதியான நிலை'. விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டது வேறு: "அப்ப, கதவு திறக்குமோ?"

இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் பேராதனைப் பொறியியல் பீட அனுமதிக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227 புள்ளி போதுமாயிருந்தது. தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250 வேண்டியிருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மாணவனாயிருந்த எவரும் அந்த எண்களை மறக்கவில்லை. பின்னர் நடந்தவற்றுக்கு அதுவே ஒரே காரணம் என்பது மிகை. அது காரணமே இல்லை என்பது பொய்.

ஆனால் நாம் சொல்லாமல் விடும் ஒரு பக்கமும் உண்டு. மொழிவாரித் தரப்படுத்தல் அநீதி என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. மாவட்ட ஒதுக்கீட்டை அதே மூச்சில் கண்டிக்கும்போதுதான் தடுமாறுகிறேன். மன்னார், வவுனியாப் பிள்ளைகளுக்கும் அது வாசலைத் திறந்தது. அவர்களும் தமிழர்களே. மிசனரிமார் விட்டுச்சென்ற ஆய்வுகூடங்களும் நூலகங்களும் கொண்ட யாழ்ப்பாணக் கல்லூரிகளிலிருந்து கிடைத்த புள்ளிகளை நாம் 'திறமை' என்றோம். ஆய்வுகூடமே இல்லாத பள்ளியின் புள்ளியை என்னவென்று சொன்னோம்?

நான் குடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே இதற்கொரு பாடம் இருக்கிறது. 1789 நவம்பரில் ஆளுநர் பிலிப், ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதியை இங்கு ஒரு துண்டு நிலத்தில் குடியேற்றினார். ஒரு மனிதன் இம்மண்ணில் தானே பயிரிட்டுப் பிழைக்க முடியுமா என்பது பரீட்சை. ரூஸ் தேறினார். 1792இல் 30 ஏக்கர் அவருக்கு முறைப்படி எழுதிக்கொடுக்கப்பட்டது. 'சோதனைப் பண்ணை' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு அந்நிலத்தை வாங்கிய மருத்துவர் ஜோன் ஹரிஸின் பெயரே இப்புறநகரின் பெயர். ரூஸின் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் குடிசை, விதை, கருவி, அறுவடைவரை உணவு ஆகியவற்றை அரசு கொடுத்திருந்தது. நிலமோ பரமட்டகல் மக்களிடமிருந்து கேளாமல் எடுக்கப்பட்டது. பரீட்சையின் முடிவு மட்டும் ரூஸின் பெயரில் எழுதப்பட்டது.

இம்மாநிலத்தின் ஆரம்பப் பாடசாலைகளில் 1989இல் 'அடிப்படைத் திறன்' பரீட்சை அறிமுகமானது. 2008இல் நப்லான் அதனிடத்தைப் பிடித்தது. 2010இல் ஒவ்வொரு பாடசாலையின் பெறுபேறும் அரச இணையத்தளத்தில் பகிரங்கமானது. பட்டியலிடுவது என்ன செய்யும் என்பதை மேற்கு சிட்னி அதற்கு முன்பே அறிந்திருந்தது. 1997 ஜனவரியில் ஒரு நாளேடு மவுண்ட் டுருயிட் உயர்நிலைப் பள்ளியின் வகுப்புப் படத்தை முதற்பக்கத்தில் போட்டு, நாம் தோற்கவிட்ட வகுப்பு என்று தலைப்பிட்டது. பெறுபேறு வந்த கையோடு பிள்ளைகளின் முகங்கள் நாடெங்கும் காட்டப்பட்டன. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நாளேடு பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

எண்களுக்குப் பின்னாலுள்ள வகைப்படுத்தலையும் பார்க்கவேண்டும். வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசுவோர் அனைவரும் ஒரே பிரிவு. தொழில்திறன் விசாவில் வந்த மருத்துவரின் மகளும், முகாமிலிருந்து வந்தவரின் மகனும் அதில் ஒன்றே. அப்பிரிவின் சராசரி நன்றாயிருந்தால் முகாம் பிள்ளை அதற்குள் மறைந்துபோகிறான். வந்து ஓராண்டு ஆகாத பிள்ளைக்கு விலக்கு உண்டு. ஆனால் பழைய அறிக்கை முறையில், விலக்களிக்கப்பட்டவர் குறைந்தபட்சத் தரத்தை எட்டாதவராகவே கணக்கிடப்பட்டார்.

எமது சமூகம் இதனை எப்படி எதிர்கொள்கிறது? ரியூசன் வகுப்புகளால். இங்குள்ள தமிழ்ப் பெற்றோரின் கனவு கார்லிங்ஃபோட்டிலுள்ள தெரிவுப் பாடசாலை. உயர்தரப் பரீட்சைப் பட்டியலில் 1996 முதல் 2022 வரை அதுவே முதலிடம். அதன் பெயரும் ஜேம்ஸ் ரூஸ். பிள்ளை அங்கு போனால் திறமை என்கிறோம், ரியூசன் காசைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'வளர்ந்துவரும் நிலை'யில் இருக்கும் பிள்ளையின் வீட்டோடு பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம். 1971இல் எமக்கு நேர்ந்ததை வைத்து உலகத்தின் முன் நியாயம் கேட்ட நாம், எமக்குள்ளேயே வெட்டுப்புள்ளி வைத்திருக்கிறோம்.

பரீட்சையை ஒழிக்கவேண்டும் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். நான் உடன்படவில்லை. அளக்காவிட்டால், உதவி வேண்டிய பிள்ளை யாருக்கும் தெரியாமலே வகுப்பேறிவிடுவான். அளத்தல் வேறு, வரிசைப்படுத்தல் வேறு, வாசலை மூடுதல் வேறு. முதலாவது ஆசிரியரின் கருவி. இரண்டாவது சந்தையின் ஆசை. மூன்றாவது அரசின் அதிகாரம். இம்மூன்றையும் ஒரே சொல்லால் அழைத்ததே எமது குழப்பத்தின் ஊற்று.

மூன்றாவது இங்கும் நடக்கிறது. வன்னிக்காரர் 2012இல் படகில் வந்தவர். துரித நடைமுறையில் அவரது விண்ணப்பம் மறுக்கப்பட்டது. இன்றும் தற்காலிக விசாதான். ஐந்து வயதில் வந்த மூத்த மகள் பாடசாலையை நல்ல பெறுபேற்றுடன் முடித்துவிட்டாள். பல்கலைக்கழகம் அவளிடம் கேட்பது வெளிநாட்டு மாணவர் கட்டணம். அக்குடும்பத்தால் அதனை நினைத்துப்பார்க்கவும் முடியாது. அவளுடைய புள்ளியில் எவரும் கைவைக்கவில்லை. 1971இல் மொழியைப் பார்த்தார்கள், இன்று விசாவைப் பார்க்கிறார்கள்.

பையனின் தாளை மடித்துக் கொடுத்தேன். வாசிப்புக்கு மேலதிக உதவி கேட்டு வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதுவோம் என்றேன். எழுதினோம். சனிக்கிழமைகளில் அவன் என்னிடம் வந்து வாசிக்கிறான். கதவு திறக்குமோ என்ற கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அக்கேள்வி அவனுக்கும் அவனது தாளுக்கும் உரியதல்ல.