சொல்லப்படாத வலியை அளந்த கதை

நான் கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை செய்கிறேன். "வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று தினமும் கேட்பேன். மறதிநோய் முற்றிய ஒரு பாட்டி பதிலுக்குச் சிரித்தார். பூஜ்யம் என்று எழுதினேன். சாப்பாட்டு மேசைத் துணிகளை மடித்துவைப்பது அவருக்குப் பிடித்த வேலை. மூன்று நாளாக அவர் அதைத் தொடவில்லை என்று துப்புரவுப் பணியாளர் சொன்ன பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். முதுகெலும்பில் ஒரு முறிவு.

அந்த வெட்கம்தான், பேச முடியாத உயிர்களின் வலியை எப்படி அளந்தார்கள் என்று என்னைத் தேட வைத்தது. தேடல் ஆய்வுக்கூட எலிகளிடம் கொண்டுபோய் விட்டது.

1941-இல் டி'அமோர், ஸ்மித் என்ற இருவர் எலியின் வால்மீது விளக்கின் வெப்பத்தைக் குவித்து, எத்தனை விநாடியில் வாலை இழுக்கிறது என்று பார்த்தார்கள். மருந்து கொடுத்தபின் தாமதமாக இழுத்தால் வலி குறைந்ததாகக் கணக்கு. 1944-இல் சூடான தட்டுச் சோதனை வந்தது. ஆனால் வாலை இழுப்பது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். மூளைத் தொடர்பு அறுந்த எலியும் வாலை இழுக்கும். தசையைத் தளர்த்தும் மருந்தும் அதைத் தாமதப்படுத்தும். மாதக்கணக்கில் வலியோடு வாழ்வதைப் பற்றி அந்த விநாடிகள் என்ன சொல்லும்?

2010-இல் மான்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு சுண்டெலியின் முகத்தைப் பார்த்தது. இடுங்கும் கண், புடைக்கும் மூக்கு, கன்னம், காதின் நிலை, மீசை முடி ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பச்சிளம் குழந்தைகளின் வலியை முகத்தில் வாசித்த கென்னத் கிரெய்க்கும் அந்த ஆய்வில் இருந்தார். ஆனால் நரம்புக் காயத்தின் நாட்பட்ட வலியைச் சுண்டெலியின் முகம் காட்டவில்லை.

அதைக் காட்டியது அதன் அன்றாட வேலை. எலிக்குத் தோண்டப் பிடிக்கும். ஒரு குழாயில் சரளைக்கல் நிரப்பிக் கூண்டில் வைத்தால், யாரும் சொல்லாமலே தோண்டி வெளியே தள்ளும். மிச்சத்தை எடைபோட்டால் போதும். ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டீக்கன் மூளை நோய்களை அறியப் பயன்படுத்திய முறை இது. 2012-இல் லண்டன் ஆய்வாளர்கள், நரம்புக் காயமோ அழற்சியோ உள்ள எலிகள் குறைவாகத் தோண்டுவதைக் காட்டினார்கள். உரிய வலிநிவாரணி கொடுத்ததும் மறுபடி தோண்டின. வெறும் மயக்கம் தரும் மருந்தால் ஒரு பிராணியைக் கூடுதலாக வேலைசெய்ய வைக்க முடியாது. வால் சோதனையின் ஓட்டை இங்கே அடைபட்டது.

இந்த அறிவு எலிகளைக் காயப்படுத்தித்தான் கிடைத்தது. அதை மறைத்துவிட்டு நான் இங்கே பேச முடியாது. வேதாகமத்தில் பிலேயாமின் கழுதைக்குக் கர்த்தர் வாயைத் திறந்தார். அது அடிபட்டதைக் கேட்டது. எலிக்கு அந்த வாய்ப்பு இல்லை. என் பாட்டிக்கும் இருக்கவில்லை.

இப்போது பணி மாறும்போது எண்ணைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: "வழக்கமாகச் செய்கிற எதை இவர் இன்று செய்யவில்லை?" பதில் பெரும்பாலும் துப்புரவுப் பணியாளரிடம்தான் இருக்கிறது.