இரு புள்ளிகள் வழி நேர்கோடு

இரு வேறு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் செல்லும். (2, 3), (6, 11) ஆகிய புள்ளிகளுக்கிடையே கிடையாக 4 அலகு நகர்ந்தால் 8 அலகு உயர்கிறோம். ஆகவே சாய்வு 2. கோடு (2, 3) வழியே போக வேண்டுமென்பதால் சமன்பாடு ஒய் = 2எக்ஸ் − 1.

இந்தக் கணக்கு, சமன்பாடு என்ற வடிவத்தைவிட மிகப் பழையது. கி.பி. 499-ஐ ஒட்டிய ஆரியபட்டீயத்தின் சைன் அட்டவணை 225 கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) இடைவெளியில் 24 மதிப்புகளுக்கே வழி சொல்கிறது. 225 கலைக்கு 225, 450 கலைக்கு 449. இடைப்பட்ட 300 கலைக்கு மூவெண் விதியே போதும்: 225 கலைக்கு 224 கூடினால் 75 கலைக்கு எவ்வளவு? விடை 299.67. இன்றைய கணிப்பொறி தருவது 299.64. கோடு வரையாமலே இரு புள்ளிக் கோட்டைப் பயன்படுத்திய இந்த முறை வியக்கத்தக்கது. 665-இல் பிரம்மகுப்தர், வேறுபாடுகளின் வேறுபாட்டையும் கணக்கில் சேர்த்து வளைவுக்கு நெருங்கினார்.

இரு மாறிகளின் முதற்படிச் சமன்பாடு நேர்கோட்டைக் குறிக்கும் என்று 1630களில் தெளிவாகச் சொன்னவர் பிரெஞ்சுக் கணிதர் பெர்மா. அவரது கையெழுத்துப் படி அச்சேறியது 1679-இல், அவர் இறந்த பிறகு. தெக்கார்த்தின் நூல் 1637-இலேயே வெளிவந்ததால் புகழ் பெரும்பாலும் அவரைச் சேர்ந்தது. ஆயினும் அவர் கவனம் வளைகோடுகள்மேல்தான் இருந்தது. நேர்கோட்டைப் பொறுத்தவரை பெர்மாவுக்கே முதலிடம் தர வேண்டும். பாடநூல்களில் காணும் வடிவங்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மோன்ஷ், லக்ருவா ஆகியோர் எழுத்தில் நிலைபெற்றன.

இன்று மலேசியாவின் பினாங்கில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகே இப்பாடத்தைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலும் மலாயில், ‘காரிஸ் லூருஸ்’ என்ற தலைப்பில். முன்பு நான்காம் படிவத்தில் இருந்த இது, 2019 முதல் மூன்றாம் படிவத்துக்கு வந்துவிட்டது. சாய்வை உணர்த்த அவர்களுக்குக் கொடிமலை கண்ணெதிரே இருக்கிறது. 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலின் அடி நிலையத்தையும் உச்சி நிலையத்தையும் இணைக்கும் கோடு சராசரிச் சாய்வை மட்டுமே தரும். வழியில் பாதை அதைவிடச் செங்குத்தாகும் இடங்களும் உண்டு.

இரு புள்ளிகளின் எக்ஸ் மதிப்பும் ஒன்றேயானால் சாய்வுக்கு வகுத்தி பூச்சியமாகும். அப்போது சூத்திரத்தை விட்டு, எக்ஸ் = 5 போல நேராக எழுத வேண்டும். கூடுதல் கணிதம் என்ற பாடத்தில், சோதனை அளவுகள் ஒரே கோட்டில் விழாதபோது, மாணவர்கள் கண்ணளவில் பொருத்தமான கோட்டை வரைந்து, அதன்மேல் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரு புள்ளிகளைத் தேர்ந்து சாய்வைக் காண்கிறார்கள்.