ஓசை அடங்கிய பள்ளத்தாக்கு

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்றான ஜோர்ஜியாவின் வடகிழக்கு மூலையில் தலூலா போல்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு வசிப்போர் சுமார் இருநூறு பேரே. ஆயினும் வார இறுதி நாட்களில் அட்லாண்டாவிலிருந்து இரண்டு மணிநேரம் காரோட்டி வருவோரால் அவ்வூர் நிறைந்துவிடுகிறது. அவர்களுள் ஒருவனாக நானும் ஒரு தடவை அங்கு சென்றிருந்தேன். ஏறக்குறைய ஆயிரம் அடி ஆழமும் இரண்டு மைல் நீளமும் கொண்ட பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று கீழே நோக்கியபோது, அத்தனை பெரிய பாறைப் பிளவின் அடியில் அத்தனை சிறிய ஆறு ஓடுவது எனக்கு விசித்திரமாகத் தோன்றியது. அதன் காரணத்தைத் தேடப்போய்க் கிடைத்ததே இவ்வரலாறு.

செரோக்கி மக்களின் நிலமாக இருந்த இப்பிரதேசம் 1819இல் அவர்களிடமிருந்து பெறப்பட்டது. தலூலா ஆறு சுமார் ஒரு மைல் தூரத்தினுள் 500 அடி கீழிறங்கிப் பல நீர்வீழ்ச்சிகளாகப் பாய்ந்தது. அதன் இரைச்சல் பல மைல்களுக்கு அப்பாலும் கேட்டதெனப் பழைய பயணக் குறிப்புகள் கூறுகின்றன. 1882இல் புகையிரதப் பாதை வந்து சேர்ந்ததும் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 'தெற்கின் நயாகரா' என்று அதனை அழைத்தார்கள். 1886இல் 'பேராசிரியர் லியோன்' என்ற பெயரில் வித்தை காட்டிய ஒருவர் பள்ளத்தாக்கின் குறுக்கே கயிற்றில் நடந்தார். கூட்டம் சேர்க்க விடுதிக்காரர்கள் எதையும் செய்வார்கள் என்பது எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் பொருந்தும் போலும்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்லாண்டா நகருக்கும் அதன் ட்ராம் வண்டிகளுக்கும் மின்சாரம் தேவைப்பட்டது. ஜோர்ஜியா ரயில்வே அன்ட் பவர் கம்பனி இந்த ஆற்றைக் குறிவைத்தது. அதனை எதிர்த்து முன்னின்றவர் ஹெலன் டோர்ச் லோங்ஸ்ரீற் என்ற பெண்மணி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதிகளுள் ஒருவராகவிருந்த ஜேம்ஸ் லோங்ஸ்ரீற்றின் விதவை அவர். 1894இல் மாநில உதவி நூலகராகி, ஜோர்ஜியாவில் அரச பதவி வகித்த முதற் பெண் என்ற பெயரையும் பெற்றவர். பள்ளத்தாக்கு ஒருபோதும் தனியாருக்கு விற்கப்படவில்லை. விளிம்புவரையிலான காணிகளே விற்கப்பட்டன. எனவே அது மாநிலத்துக்கே சொந்தம் என்பது வழக்கின் சாரம். பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத காலத்தில் ஒரு பெண் மாநில அரசை நீதிமன்றம்வரை கொண்டு சென்றது சாதாரண விடயமன்று. ஆனால் 1913இல் கம்பனியே வென்றது. கெய்ன்ஸ்வில் நகரில் ஹெலன் வகித்துவந்த தபாலதிபர் பதவியும் அதே ஆண்டில் அவர் கையை விட்டுப் போயிற்று.

126 அடி உயர அணைக்கட்டு ஆற்றை மறித்தது. நீர் ஒரு மைலுக்கும் நீளமான சுரங்கத்தினூடாகத் திருப்பப்பட்டு, சுமார் 600 அடி கீழேயுள்ள மின்நிலையத்தைச் சென்றடைந்தது. பள்ளத்தாக்கின் ஓசை அடங்கிற்று. 1921 டிசம்பரில் ஏற்பட்ட தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. 1961இல் புகையிரதமும் நின்றுபோனது.

ஒன்றை மறைக்காமற் கூற வேண்டும். 1927 வரையில் இவ்வாற்றுத் தொடரில் கட்டப்பட்ட அணைகள் பேர்ட்டன், ரேபன் முதலிய ஏரிகளை உருவாக்கின. பேர்ட்டன் ஏரியின் அடியில் அதே பெயர் கொண்ட ஊர் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. இன்று படகோட்டவும் மீன் பிடிக்கவும் மக்கள் திரளும் இடங்கள் இவையே.

1970 ஜூலை 18இல் கார்ல் வலெண்டா தமது 65ஆவது வயதில் இப்பள்ளத்தாக்கைக் கம்பியில் நடந்து கடந்தார். நடுவழியில் இருமுறை தலைகீழாகவும் நின்றார். பல்லாயிரவர் அதனைப் பார்த்தனர். கம்பியைத் தாங்கிய கோபுரங்களின் எச்சங்களை இன்றும் காணலாம். எட்டு ஆண்டுகளின் பின் போட்டோ ரிக்கோவில் இதேபோன்ற ஒரு நடையின்போதே அவர் விழுந்து இறந்தார்.

மாநிலப் பூங்கா 1993இல் உருவானது. மின்சாரக் கம்பனியும் அதில் பங்காளி. அடிவாரத்திலிருந்து 80 அடி உயரத்தில் ஒரு தொங்குபாலம். மேலும் கீழுமாக ஆயிரத்துக்கும் அதிகமான படிகள். என் வயதில் அவை சற்று அதிகந்தான். பள்ளத்தாக்கின் தரைக்கு இறங்க நாளொன்றுக்கு 100 பேருக்கு மட்டுமே அனுமதி. பூங்காவின் நடைபாதைகளுக்கு 1999இல் ஹெலனின் பெயர் சூட்டப்பட்டது. அவர் மறைந்ததோ 1962இல்.

மேல் கொத்மலைத் திட்டத்தின்போது சென். கிளயர் நீர்வீழ்ச்சி பற்றி எழுந்த வாதப் பிரதிவாதங்களைச் செய்தியாக எழுதியவன் நான். பகலில் நீர் திறந்துவிடப்படும் என்பதே அன்று தரப்பட்ட உறுதிமொழி. தலூலாவிலும் அதே கதைதான். ஏப்ரல், நவம்பர் மாதங்களின் சில வார இறுதிகளில் அணையின் கதவுகள் திறக்கப்படுகின்றன. அப்போது கயாக் படகுகளில் இளைஞர்கள் பாய்ந்து செல்ல, விளிம்பில் நிற்போர் பழைய இரைச்சலைக் கேட்கின்றனர். மாலையில் கதவுகள் மூடப்படுகின்றன.